எழுபதுக்கு ஒன்று குறைய

ரெட் டியரில், மருந்துக்கடையின் பின்மூலையில்
எனக்கொரு தபால் கவுண்டர்.
விடிந்தால் பொழுதுபட்டால் எடை.
பெட்டி பெரிதாகி உள்ளே வெறும் காற்றென்றால்
நீளத்தை அகலத்தால், அதை உயரத்தால் பெருக்கி
ஒரு கற்பனை எடை எடுப்போம்.
காற்றுக்கும் காசு.

அதனால்தான்
டொக்டர் ஹ்ரிஷ்கோ தாளைத் திருப்பிக் கணக்கைக் காட்டியபோது
எனக்கு விளங்கியது.
நிரோஜனுக்கு விளங்கவில்லை.

எட்மன்டன் ஆஸ்பத்திரி, பதினெட்டாம் கிழமை.
ஒரே நஞ்சில் இரண்டு.
ஒருத்தி முழுசு. விரல்களை எண்ணலாம்.
மற்றது –
படம் எடுக்கிற மரிவிக்கின் கை அங்கே நின்றது.
மற்றதற்குக் கால் இருந்தது. முள்ளந்தண்டு பாதி.
தலை இல்லை.
இதயம் இல்லை.
ஆனால் வளர்கிறது.

இதயமில்லாதவன் என்று எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்!
கண்ணுக்கு முன்னால் பஸ்ஸை எடுத்த சாரதியை,
மார்கழியில் வாடகை ஏற்றிய வீட்டுக்காரனை.

திரையில் சிவப்பும் நீலமும் இடம் மாறி ஓடின.
அவளுடைய கடலையளவு இதயம்
இரண்டு உடம்புக்கும் இறைக்கிறது.
பழைய இரத்தம் கொடிவழியே தலைகீழாய்ப் போய்
மற்றதை வளர்க்கிறது.
பம்ப் பிள்ளை என்றார்கள் அவளை.
நாங்கள் பெயர் யோசிக்குமுன் விழுந்த பெயர்.

மற்றதைத் தராசில் வைக்க முடியாது.
நீளம் பன்னிரண்டு சென்ரிமீற்றர்.
பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கு,
வந்ததை ஒன்று தசம் இரண்டால்.
பன்னிரண்டின் ஒன்று தசம் ஏழு மடங்கைக் கழி.
நூற்றைம்பத்திரண்டு கிராம்.
அவள் இருநூற்றிருபது.
இதை அதால் பிரித்தால்
நூற்றுக்கு அறுபத்தொன்பது.

எழுபதைத் தாண்டினால் அவள் இதயம் களைத்துவிடலாம், என்றார்.
தாண்டாவிட்டால்?
களைக்காமலும் இருக்கலாம்.
அந்த ஒன்று எவ்வளவு, என்று கேட்டான் நிரோஜன்.
டொக்டருக்கு முந்தி நான் சொன்னேன்: இரண்டு கிராம்.
கடிதத்தாள் ஒன்றில் பாதி.

ஒரு கிழமை பார்ப்போம் என்று அனுப்பினார்கள்.

வியாழக்கிழமை ஒரு மனிதர்
ரெஜைனாவிலுள்ள மகளுக்குக் கையுறை அனுப்ப வந்தார்.
தராசில் வைத்தேன். இருநூற்றிருபது.
கையை எடுக்க முடியவில்லை.
பின்னால் வரிசை நின்றது. ஒருவர் செருமினார்.
மெதுவாய்த்தான் எடுத்தேன்.

அடுத்த தடவை பதினான்கு சென்ரிமீற்றர்.
அவர் பொத்தானை அழுத்துமுன்
வாய்க்குள் முடித்துவிட்டேன்.
எண்பது.

அன்றிரவு ஆஸ்பத்திரிக்கு எதிரே விடுதியில்
தூக்கம் வரவில்லை, இலக்கணம் வந்தது.
மெய் தனியே ஒலிக்காது.
உயிர் வந்து ஏற வேண்டும்.
எட்டாம் வகுப்பில் இதற்கு ஐந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

காலையில் ஊசியளவு குழாய், அதன் நுனியில் ஒளி.
மற்றதுக்குள் இரத்தம் நுழையும் வாசலில்
ஒரு சூடு.
மெய்க்குப் புள்ளி வைத்தார்கள்.

மற்றதற்குள் சிவப்பும் இல்லை நீலமும் இல்லை.
மரிவிக் கருவியைக் கொஞ்சம் நகர்த்தினாள்.
நூற்று நாற்பத்தாறு, என்றாள், அவள் துடிப்பை.

பத்தில் எட்டுப் பேர் தப்புவார்கள், என்றார் டொக்டர்.
மிச்ச இரண்டு பேரின் தாய்மார்
எந்தக் கதிரையில் இருந்து இதைக் கேட்டார்களோ.
அடுத்த செவ்வாய் வரை எதுவும் தெரியாது.
நெடுஞ்சாலையில் பனிவண்டி ஓடவில்லையாம்,
இன்றிரவும் விடுதி.

புறப்படும்போது ஒரு படிவம்.
வயிற்றில் எத்தனை என்றொரு கட்டம்.
பேனை நின்றது.
இரண்டு, என்றான் நிரோஜன்.
இரண்டு பேர், என்றேன்.